முள் இறங்கியும் நிறுத்தவில்லை

எண்பதுகளின் பின்பாதி. காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் ஒரு மாடிவீட்டு டிஷ்ஷில் படம் வரவைக்கப் போனபோது எனக்கு வேலையில் மூன்றாவது மாதம். காரைக்காலில் ஒரு டிவி கடையில் ரேடியோ பழுதுபார்க்கத்தான் என்னை எடுத்திருந்தார்கள். மொட்டைமாடி வேலை பெண்ணுக்குச் சரிப்படாது என்பது முதலாளி சம்பந்தம் சாரின் எண்ணம். அன்று மெக்கானிக் வரவில்லை, வேறு வழியின்றி என்னைக் கூட்டிப்போனார்.

வீட்டுக்காரர் அந்துவான் ஐயா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு அடி டிஷ் எங்கள் கடைக்கு அதுதான் முதல். முதலாளியும் மெக்கானிக்கும் ஏற்றி இரண்டு நாளாகியும் படம் வரவில்லை.

"சம்பந்தம், இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள படம் வரலேன்னா கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க. தெருவே சிரிக்குது" என்றார் ஐயா.

எங்கள் ஊருக்குச் செயற்கைக்கோள் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே. டிஷ் வானத்தைப் பார்த்து வைத்த சட்டி போல இருக்கும். முதலாளி டிஷ்ஷின் சாய்வை மாற்றும் போல்ட்டைத் திருக, நான் சிக்னல் மீட்டரைப் பிடித்தேன். முள் ஏறி மூன்றில் நின்றது. மேலும் திருகினால் இறங்கியது. மூன்றுக்கே திரும்பி வந்து நட்டை இறுக்கினார்.

கீழே டிவி முன்னால் இருந்த ஐயா கத்தினார்: "படத்தக் காணோம், ஈசல்தாம்ப்பா பறக்குது!"

"ரிசீவர்ல கோளாறு. மெட்ராஸுக்குத் திருப்பி அனுப்பிட வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

போல்ட்டைப் பார்த்தேன். முந்தைய நாட்களிலும் அதே இடத்தில்தான் இறுக்கியிருந்த தடம். ஐ.டி.ஐ. பாடப் புத்தகத்தில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது. எந்த டிஷ்ஷுக்கும் சிக்னலின் பெரிய உச்சத்துக்கு இருபுறமும் சின்னச் சின்ன உச்சங்கள் உண்டு.

"சார், இது பக்கத்து உச்சமா இருக்கும். எறங்கினாலும் தாண்டிப் பாப்போம்."

"இருக்கறதும் போயிடும்மா."

"போனா திரும்ப இங்கயே கொண்டாந்து வச்சிடறேன் சார். ஒவ்வொரு அரைச்சுத்துக்கும் எழுதி வச்சுக்கறேன்."

முதலாளி ஸ்பேனரை நீட்டினார்.

அரைச்சுற்றுக்கு மூன்று இரண்டானது, எழுதிக்கொண்டேன். அடுத்து ஒன்று. அதற்கடுத்து முள் படுத்தேவிட்டது. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் ஒரு அரைச்சுற்று வைத்தேன். முள் அசைந்தது. இரண்டு. நான்கு. ஏழு. எட்டு. அடுத்த அரைச்சுற்றில் ஏழாக இறங்கியதும், எட்டுக்கே கொண்டுவந்து இறுக்கினேன்.

கீழே சத்தமே இல்லை. பயந்துபோனேன். ஐயா மூச்சுவாங்க மாடியேறி வந்தார்.

"கண்ணாடியில பாக்கறாப்புல இருக்குப்பா! யாரு திருப்புனது?"

"இந்த ஸ்டெல்லாதாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் முதலாளி. ஒளிக்காமல் அவர் சொன்ன அந்தச் சொல்லை இன்றும் பெருமையாக வைத்திருக்கிறேன்.

பிறகு திருநள்ளாறு லாட்ஜ், அம்பகரத்தூர் மிராசு வீடு என்று எங்கே டிஷ் ஏற்றினாலும் ஸ்பேனர் என் கையில்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முள் இறங்கியதும் இறுக்கிவிடாதீர்கள். எண்ணை எழுதிக்கொண்டு தாண்டிப் போங்கள். திரும்பி வரும் வழி கையில் இருந்தால் துணிச்சல் தானாக வரும்.