வாளின் கடைசி எழுத்து

டென்மார்க்கின் விபோர்க் நகரில் மொழிப்பள்ளி முடிந்ததும் பழம்பொருள் கடையொன்றில் தூசி தட்டும் வேலை எனக்கு. ஒருநாள் அங்கே ஒரு ஜப்பானிய வாள் வந்தது. மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியை உருவினால், துருவேறிய அடிப்பகுதியில் ஆறு எழுத்துகள் வெட்டியிருந்தன. கடைக்காரர் அகராதியில் தேடிக் கொல்லனின் பெயரை அட்டையில் எழுதிவிட்டார். நான் நம்பவில்லை. அகராதியை இரவல் வாங்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை கோடு என்று எண்ணி எண்ணித் தேடினேன். மூன்று நாளில் பிடிபட்டது. முதல் இரண்டும் ஊர், அடுத்தது 'வசிப்பவன்', பிறகு இரண்டெழுத்தில் பெயர், கடைசியில் 'செய்தது'.

"நீங்கள் குடும்பப்பெயர் என்று எழுதியிருப்பது 'செய்தது' என்ற சொல்," என்றேன் டேனிஷில்.

"கடைசியில் வருவதுதானே குடும்பப்பெயர்?"

"டென்மார்க்கில்."

அவர் அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிய அட்டையை என்னிடமே நீட்டினார்.

இதை அறைக்கு வந்து, கூட இருந்த அண்ணையிடம் அளந்தேன். இலங்கையில் விட்டுவந்த மனைவிமாரைக் கூப்பிடும் விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்த காலம். அவருடையதும் ஒரு வருடத்துக்கு மேலாகக் கிடந்தது. அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான்.

சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "எங்கட படிவத்தில குடும்பப்பெயருக்கு என்ன எழுதினனீ?"

"உங்கட பெயரில கடைசியா நிக்கிறது. அண்ணிக்கும் அப்பிடித்தான்."

"என்ர பெயருக்கு முன்னால அப்பான்ர பெயர். அவவின்ர பெயருக்கு முன்னால என்ர பெயர். நீ முன்னால நிக்கிறதை விட்டிட்டுக் கடைசியைப் பிடிச்சா, நாங்கள் ரெண்டுபேரும் ஆரோ எவரோ."

"ஓம்," என்றேன்.

"ஐயர் மந்திரம் சொல்லிக் கட்டினதை நீ பேனையால அவிட்டுப்போட்டாய்."

மறுநாளே கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். வாளைக் காட்டியபின் விளக்கமே தேவைப்படவில்லை. குடிவரவு அலுவலகத்துக்குத் தட்டச்சில் ஒரு கடிதம் அடித்துத் தந்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: எங்கள் பெயர்களில் முதலில் யாருடையவர் என்பதும் பிறகு யார் என்பதும் வரும். இவர்கள் கணவன் மனைவி.

அண்ணை கையெழுத்திட்டார். "பின்னால 'செய்தது' எண்டும் போடவோ?"

தமிழரின் கோப்புகளை நீதியமைச்சரே நிறுத்தி வைத்திருந்தார் என்பது பின்னர்தான் நாடறிந்தது. தாமதத்துக்குக் காரணம் நான் அல்ல என்று என் பேனை தப்பியது. ஆனால் அண்ணி வந்து இறங்கிய அன்று, கதவில் ஒட்டும் பெயர் அட்டையை அண்ணை என்னிடம்தான் தந்தார்.

"முன்னால இருந்து வாசிச்சு எழுது."