ஆயுத வியாபாரிக்கு அப்பாவின் நடை

எங்கள் குடும்பத்தில் கல்யாணமாகாத மூத்த பெண்ணுக்கு இரண்டே பதவிகள்தான். ஒன்று, எல்லோருக்கும் கார் ஓட்டுவது. இன்னொன்று, கம்ப்யூட்டர் தெரிந்த ஆளாக இருப்பது. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் இரண்டாவது பதவியில் எனக்கு வேலை கூடிப்போனது. மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் வருவதற்கு முன் பெரிய திரையில் ஒரு படம் ஓட வேண்டும். இப்போதெல்லாம் மலேசியாவில், எங்கள் ஜொகூரில், அது ஓடாமல் தாலி கட்டினால் செல்லாது போலிருக்கிறது. மற்ற வீடுகளில் கடற்கரையில் கைகோத்து ஓடிப் படம் எடுக்கிறார்கள். தங்கைக்கு வெயில் ஆகாது, மாப்பிள்ளைக்கோ வெட்கம்.

"அக்கா, நீதான் எந்நேரமும் கேம் விளையாடுறியே, கார்ட்டூனா செஞ்சி குடுலா" என்றாள் தங்கை.

உண்மைதான். பகலில் தம்போயில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களின் தரம் பார்க்கிறேன். மற்ற நேரத்தில் திரையில் வருகிறவர்களைச் சுட்டுத் தள்ளுகிறேன். இரண்டாவதுதான் மனதுக்கு நிம்மதி.

ஒரு கேம் நிறுவனம் இலவசமாக விட்டிருந்த மென்பொருளை இறக்கினேன். கேமில் வரும் ஆட்கள், வீடுகள், மரங்கள், துப்பாக்கிகள் எல்லாம் அதற்குள் அப்படியே கிடக்கும். வேண்டியவரைப் பொறுக்கி நிறுத்தி, எலும்பு எலும்பாகப் பிடித்து அசைத்து, கேமரா வைத்துப் படமாக்கலாம். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஒரு ஆளை வணக்கம் சொல்ல வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மறுபக்கம் வெளியே வந்தன. அந்த கேமைச் செய்த புண்ணியவான்கள், யாரும் யாரையும் கும்பிடுவார்கள் என்றே நினைத்துப் பார்க்கவில்லை. சுடுவதற்கு மட்டும் விரல்கள் அருமையாக மடங்கின.

தங்கையும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள். தினமும் ஜொகூரிலிருந்து அங்கே போகும் பாலத்தைக் கடப்பதற்குப் பாஸ்போர்ட் வரிசையில் நிற்கும்போதுதான் பழக்கமானார்கள். காதல் வளர அவ்வளவு நேரம் கொடுக்கும் இடம் உலகத்தில் வேறு இல்லை. அந்த வரிசைக்கு எங்கே போவது? கேமில் கூட்டமாக இருந்தவை ஸோம்பிகள் என்ற நடைப்பிணங்கள் மட்டும்தான். சட்டையை மட்டும் மாற்றி, முதுகில் பை மாட்டி, வரிசையாக நிற்க வைத்தேன். பார்த்தவர்கள் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை. "நம்ம காலை நேரம் மாதிரியே இருக்கு" என்று மாப்பிள்ளை பாராட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். தங்கை திடீரென்று, "அப்பாவும் இதுல வரணும்" என்றாள்.

அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டில் வீடியோ எடுப்பவர் எப்போதும் அவராகவே இருந்ததால், அவர் நடப்பது எதிலும் இல்லை. அவருடைய இருமல் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது. கேமில் கட்டுடல் வீரர்களுக்குப் பஞ்சமில்லை. தொப்பையும் மீசையும் உள்ளவர் ஒரே ஒருவர். ஆயுத வியாபாரி. கள்ளத் துப்பாக்கி விற்று, கடைசியில் கதாநாயகன் கையால் சாகிறவர். அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, துப்பாக்கியைப் பிடுங்கினேன். துப்பாக்கி போனாலும் விரல்கள் அதைப் பிடித்தபடியே நின்றன. அவற்றுக்குள் ஒரு தமிழ்ப் பத்திரிகையைச் சுருட்டிச் செருகினேன். அப்பா வந்துவிட்டார். ஆயுத வியாபாரியைப் பார்த்து அழுத முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உலு திராமிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன்.

"அண்ணன் இப்படி நடக்க மாட்டாருலா" என்றார் சித்தப்பா. "இது என்ன, போலீஸ் மாதிரி நெஞ்ச தூக்கிக்கிட்டு."

"திரும்பித் திரும்பிப் பாப்பாரு" என்றாள் சித்தி. "நாலு எட்டு போவாரு, நிப்பாரு, பின்னால பாப்பாரு. யாரோ தொரத்துற மாதிரி."

அது எனக்கும் நினைவிருந்தது. சின்ன வயதில் அவரோடும் அம்மாவோடும் கடைக்குப் போவது ஒரு வேலை. அப்பா நகரவே மாட்டார்.

இந்த ஆராய்ச்சி முடிந்ததும் சித்தி அடுத்த தீர்மானத்தை நிறைவேற்றினாள். தாலி கட்டுவதற்கு முன் பெண் தன் பெற்றோருக்குப் பாதபூஜை செய்ய வேண்டும். "அதுக்கு நாங்க ரெண்டு பேரும் உக்காந்துக்கிறோம். அண்ணி பின்னால இருந்து பாத்துக்கட்டும். நல்ல காரியம் இல்லியா."

அம்மா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த கோப்பையை எடுத்தாள். தங்கை பேச வாயெடுத்தாள். அம்மா அவளைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள். நான் லேப்டாப்பை ஓங்கி மூடினேன். எங்கள் குடும்பத்தில் அதைத்தான் எதிர்ப்பு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரங்களில் அந்த நடையைச் செய்தேன். நாலு எட்டு, நிற்பது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. ஆயுத வியாபாரிக்குக் கழுத்தே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தோளோடு சேர்த்துத் திருப்பினேன். முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"யாரப் பாக்குறாரு?"

"சும்மா திரும்பிப் பாக்குறாரும்மா. அப்பா பாப்பாருல்ல?"

"சும்மா யாராவது பாப்பாங்களா? எனக்கு அப்பவே முட்டி வலி. மெதுவாதான் வருவேன். நான் வர்றேனான்னு பாப்பாரு." திரையை இன்னொரு முறை பார்த்தாள். "நீ பின்னால யாரையும் வைக்கலயே. பாவம், ஆளே இல்லாத ரோட்ட பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

உடனே அம்மாவையும் படத்தில் சேர்க்க உட்கார்ந்தேன்.

கேமில் பெண்களுக்குக் குறைவில்லை, துணிக்குத்தான் குறைவு. எங்கே அம்பு தைக்குமோ அந்த இடங்களைத் தவிர மற்ற இடங்களில் எல்லாம் கவசம் போட்டிருந்தார்கள். முழு உடையில் இருந்தவள் மருந்து விற்கும் கிழவி மட்டும்தான். அவளைக் காட்டினேன்.

"நான் இவ்ளோ கிழவியா?" என்றாள் அம்மா. பட்டியலை மேலும் கீழும் ஓட்டச் சொல்லி, வில் வைத்திருந்த ஒருத்தியைக் காட்டினாள். "இவள வையி. சீலைய மட்டும் நல்லா சுத்திவுடு."

ஒரு கோட்டையின் ஜன்னல் திரையை எடுத்து வில்லாளிக்குச் சுற்றினேன். துணியின் வண்ணம் இருக்கும் கோப்பு எங்கேயோ தொலைந்துபோனது. அப்படித் தொலைந்தால் அந்த மென்பொருள் கத்திரிப்பூ நிறமும் கறுப்புமாகப் பெரிய கட்டங்களைப் போட்டுக் காட்டும். இங்கே தப்பு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். திருத்துவதற்குள் அம்மா பார்த்துவிட்டாள்.

"கட்டம் போட்ட சீலை நல்லாருக்கே. அப்படியே இருக்கட்டும்."

தொழிற்சாலையில் இப்படி ஒரு பொருள் வந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைப்பேன். வீட்டில் அப்படியே விட்டேன்.

சித்திக்கு விஷயம் எட்டியது. போன் செய்தாள். "அண்ணன் வரட்டும், அது நல்லாத்தான் இருக்கு. அண்ணி எதுக்கு? பாக்குறவங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க." செத்தவர் பத்தடி உயரத்தில் வரலாம், உயிரோடு இருப்பவள்தான் வரக் கூடாது. இந்தச் சாஸ்திரத்தைக் கண்டுபிடித்தவருக்கு மண்டபத்தில் தனியாக மாலை போட்டிருக்கலாம். லைன் சரியில்லை சித்தி என்று போனை வைத்தேன்.

கல்யாணத்தன்று படம் ஓடியது. ஸோம்பி வரிசைக்கு மண்டபம் சிரித்தது. பிறகு கையில் பத்திரிகையோடு அப்பா வந்தார். நாலு எட்டு நடந்தார், நின்றார், தோளோடு திரும்பிப் பின்னால் பார்த்தார். கட்டம் போட்ட சேலையில், முட்டியைப் பிடித்துக்கொண்டு, அம்மா மெதுவாக வந்தாள். அப்பா அவள் வரும்வரை நின்றார். பிறகு இருவரும் சேர்ந்து நடந்தார்கள். நான் அம்மாவைத் தேடினேன். கடைசி வரிசைக்கும் பின்னால், சாப்பாட்டு மேசைப் பக்கம், டிஷ்யூ பாக்கெட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

விளக்குகள் எரிந்தன. பாதபூஜைக்குப் பெற்றோர் வரலாம் என்று குருக்கள் மைக்கில் அழைத்தார். மேடையில் மணவறை முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. சித்தி பட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

அதற்குள் அம்மா நடந்து வந்துகொண்டிருந்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு, படத்தில் வந்ததைவிட மெதுவாக. சித்தி குறுக்கே போய்க் கையைப் பிடித்தாள். "அண்ணி, எங்க போறீங்க? எல்லாரும் பாக்குறாங்க."

"எல்லாரும் பாக்கத்தான் அதுல வந்தேன்" என்று திரையைக் காட்டினாள் அம்மா. "ஒண்ணும் ஆகல. இந்த மேடையிலயும் ஏறுறேன்."

சித்தி குருக்களைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பொண்ணோட அம்மாதானே? வந்து உக்காருங்கம்மா, நேரமாவுது" என்றார். அவ்வளவுதான். இத்தனை வாரமாக எங்களை ஆட்டிப்படைத்த சாஸ்திரம் அங்கேயே முடிந்தது.

அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கை அழுதுகொண்டே தாம்பாளத்தை அவள் காலடியில் வைத்தாள். இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. தம்பதியாக யாராவது உட்கார வேண்டாமா என்று சித்தப்பா மேடைப்படியில் கால் வைத்தார்.

எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில், பின்னால் வருகிற ஆளுக்கு இடம் பிடிக்கிறவர்கள் வைப்பது போல, அம்மா கையிலிருந்த டிஷ்யூ பாக்கெட்டை அந்த நாற்காலியில் வைத்தாள்.

சித்தப்பா அதைப் பார்த்தார். படியிலிருந்து இறங்கிவிட்டார்.