பதினேழாம் எண் செட்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் பாதியில் எழுந்து "கதை விடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். கதை விடுவதாக இருந்தால் அதில் என்னைக் கொஞ்சமாவது புத்திசாலியாகக் காட்டியிருப்பேன்.

இது ஒரு தண்ணீர் பாட்டிலில் ஆரம்பிக்கிறது. அதைக் கவிழ்த்தது நான்.

என் வேலை சுற்றுலா வழிகாட்டி. பழைய வணிகப் பாதையில் பதினோரு நாள், ஐந்து ஊர். ஒரு காலத்தில் பட்டும் கண்ணாடியும் உப்பும் ஒட்டகத்தின் மேல் போன வழியில், இப்போது நாங்கள் ஏசி பஸ்ஸில் போகிறோம். எங்களுக்கு ஒட்டகங்கள் தேவலாம், அவை நேரத்துக்குப் போயிருக்கும். அந்த முறை பயணிகள் இருபத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு செட் கொடுப்போம். செட் என்றால் கழுத்தில் தொங்கும் தீப்பெட்டி அளவுக் கருவி. அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர் போகும். நான் சட்டைக் காலரில் இருக்கும் மைக்கில் மெதுவாகப் பேசினால் நூறடி தள்ளி நிற்பவருக்கும் கேட்கும். அவர்கள் கேட்கலாம், அவ்வளவுதான். பதில் பேச முடியாது. வழிகாட்டிகளுக்கு இதைவிட இன்பமான கருவியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. எல்லோரும் செய்வோம், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஓர் இடத்தைப் பார்த்து முடித்ததும் வாசலில் பையைத் திறந்து பிடிப்போம். ஆளாளுக்குச் செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு பைக்குள் இருப்பதை எண்ணுவோம். இருபத்திரண்டு செட் இருந்தால் இருபத்திரண்டு ஆள். தலைகள் அங்குமிங்கும் நகரும், ஒன்று கழிவறைக்குப் போகும், ஒன்று படம் எடுக்கப் போகும். செட் நகராது.

நாலாவது ஊர். பகல் 3:40. பஸ்ஸை விட்டு இறங்கும் அவசரத்தில் செட் பெட்டியின் மேல் முழு பாட்டில் தண்ணீரையும் கவிழ்த்தேன். ஆறு செட் அதோடு சரி.

"நீச்சல் தெரியாத சாமானை எல்லாம் எதுக்கு தலைவரே தண்ணியில இறக்குறீங்க?" என்றார் டிரைவர் அண்ணன்.

நாங்கள் பார்க்க வந்தது ஒரு வணிகச் சத்திரம். நடுவில் முற்றம், மேலே வணிகர்கள் தங்கிய அறைகள். பூமிக்கு அடியில் சரக்கறைகள், நீண்ட நடைவழியின் இரண்டு பக்கமும் வரிசையாக, மொத்தம் நாற்பது. டிக்கெட் கவுண்டரில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கெஞ்சிக் கேட்டதில் பீரோவைத் திறந்து ஆறு பழைய செட் எடுத்துக் கொடுத்தார்.

"ஆறுதானே சார்?"

"ஆறே ஆறு மேடம்."

அவர் ரசீது எழுதக் குனிந்தார். பீரோவின் மேல் தட்டில் ஒரு துணிப்பையில் ஏழாவது செட் ஒன்று தனியாகக் கிடந்தது. உதிரியாக ஒன்று இருக்கட்டுமே என்று எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதன் முதுகில் 17 என்று எழுதி ஒட்டியிருந்தது.

4:05. படி இறங்கினோம். நாற்பத்தொரு படி. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே இறங்க இறங்க ஈரத்துணி போர்த்தியது போல் குளிர்ந்தது.

என் குழுவில் ஒரு தபால்காரம்மா இருந்தார். முப்பது வருஷம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர், அறுபத்து மூன்று வயது. கணவர் இல்லை. தனியாக வந்திருந்தார். பஸ் ஏற்றும்போது அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா யார் பேச்சையும் கேட்க மாட்டாங்க சார், பத்திரம்" என்றான். "என் பேச்சைக் கேட்டே ஆகணும் தம்பி, காதுலயே மாட்டிவிடுவேன்" என்று சிரித்தேன்.

கீழே இறங்கியதும் தபால்காரம்மா, "தம்பி, உங்க பேச்சு கொசு கத்துற மாதிரி கேக்குது" என்றார். நான் பாக்கெட்டிலிருந்த பதினேழை அவருக்குக் கொடுத்து, அவருடையதை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"இப்ப?"

"இப்ப மணி மாதிரி இருக்கு."

4:20. எந்த அறையில் பட்டு, எந்த அறையில் மிளகு என்று சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். யாரும் பேசவில்லை. தபால்காரம்மா மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தார்... யாரோ சொல்வதைக் கேட்பவர் போல.

4:31. நான் என் ஜோக்கைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, அது வழக்கம்தான். ஆனால் அரை நிமிஷம் கழித்து, நான் ஒன்றுமே சொல்லாதபோது, தபால்காரம்மா குபீரென்று சிரித்தார்.

4:38. என் பக்கத்தில் வந்து கேட்டார்.

"ஏன் தம்பி என்னை மட்டும் நம்பர் போட்டுக் கூப்பிடுறீங்க?"

"யாரு, நானா?"

"பதினேழு, பதினேழுன்னு."

வேறு குழுவின் அலைவரிசை குறுக்கே வந்திருக்கும் என்றேன். அவரும் சரி என்றார். இரண்டு எட்டு நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டிக்கெட் நோட்டில் அன்றைக்கு எங்கள் பெயர் மட்டும்தான் இருந்தது. வேறு குழுவே வரவில்லை.

இருந்தாலும் பேசிக்கொண்டே நடந்தேன். எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது.

4:55. மேலே வந்து பையைத் திறந்து பிடித்தேன். கைகள் வந்தன, செட்டுகள் விழுந்தன. என் பாக்கெட்டில் கிடந்ததையும் பழக்கதோஷத்தில் நானே எடுத்துப் போட்டேன். எண்ணினேன். இருபத்திரண்டு. "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்!" என்று கத்தினேன்.

என்ன செய்தேன் என்று உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று.

5:10. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துத் தலைகளை எண்ணினார். அவருக்குச் செட் கணக்கெல்லாம் தெரியாது.

"தலைவரே, தபால்காரம்மா எங்க?"

ஜன்னலோர சீட் காலி. அதில் அவர் தொப்பி மட்டும் இருந்தது.

அன்றைக்கு மொத்தம் இருபத்து மூன்று செட். நான் போட்ட உதிரி, ஆள் கணக்கில் சேர்ந்துவிட்டது. பதினேழு இன்னும் அவர் கழுத்தில் இருக்கிறது.

ஓடினேன். கவுண்டர் அம்மா வெளியே எழுந்து வந்தார்.

"மேடம், ஒருத்தங்க கீழேயே இருக்காங்க. பதினேழாம் நம்பர் செட் போட்டவங்க."

அவர் முகம் போன போக்கு... நான் பார்த்தேன்.

"அதை எடுத்தீங்களா?"

"மன்னிச்சிடுங்க. அதுல என்ன?"

"பழைய செட்டு. வேற ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "5:15க்கு விளக்கு தானா அணைஞ்சிடும். மறுபடி போட்டா எரிய நேரமாகும். டார்ச் எடுத்துட்டுப் போங்க. வேகமா போங்க."

5:14. நாற்பத்தொரு படி.

5:15. விளக்குகள் அணைந்தன. ஒவ்வொன்றாக. தூரத்தில் இருந்தது முதலில்... பிறகு அடுத்தது... என்னை நோக்கி வருவது போல.

டார்ச்சைப் போட்டேன். கத்திக் கூப்பிட்டேன். எதிரொலி மட்டும் வந்தது. அப்போதுதான் மைக் ஞாபகம் வந்தது. அவர் காதில் என் குரல் கேட்குமே.

"அம்மா, நான்தான். எங்க இருந்தாலும் அங்கேயே நில்லுங்க. நான் வந்துட்டிருக்கேன்."

அவரால் பதில் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி மறுபடி சொன்னேன். பதில் பேச முடியாத அந்தக் கருவியைத்தான் இன்பமான கருவி என்று சொல்லியிருந்தேன்.

முப்பதாவது அறை. அதற்கு அப்பால் போகக்கூடாது என்று ஒரு சங்கிலி கட்டியிருந்தது.

சங்கிலிக்கு அந்தப் பக்கம் புழுதி. புழுதியில் ஒரே ஒரு ஜோடிக் காலடி.

உள்ளே போகிறது. திரும்பவில்லை.

தாண்டினேன்.

5:22. இடிந்து மண் மூடிய ஒரு இடத்தின் முன்னால் தபால்காரம்மா உட்கார்ந்திருந்தார். உயிரோடு. கண் திறந்திருந்தது. ஒரு கையால் காதுக்குழலை அழுத்திப் பிடித்திருந்தார்.

"அம்மா! வாங்க போலாம்."

"சும்மா இருங்க தம்பி." குசுகுசுவென்று சொன்னார். "பாவம், தேடிக்கிட்டே இருக்கார். நான் இங்கதான் இருக்கேன்னு எவ்வளவோ சத்தமா சொல்லிட்டேன். அவருக்குக் கேக்கலை."

"யாரும் இல்லம்மா. நான்தான் மைக்ல பேசினேன்."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா? இது வேற ஆள். தேடுறவனுக்குப் பதில் சொல்லாம எப்படி எழுந்து வர்றது?"

அவர் கை பனிக்கட்டி போல் இருந்தது. இழுத்தேன். எழவில்லை. காதிலிருந்து குழலைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

நான் என் மைக்கை அணைத்தேன். பச்சை விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

குழலைக் காதில் வைத்தேன்.

மூச்சு.

ஓடி வந்து களைத்தவனின் மூச்சு.

பிறகு ஒரு ஆண் குரல். பணிவான, பழகிய குரல். எங்கள் தொழில்காரன் குரல்.

"பதினேழு... எங்க இருந்தாலும் அங்கேயே நில்லுங்க. நான் வந்துட்டிருக்கேன்."

நான் சொன்ன அதே வார்த்தைகள்.

மண் சரிவுக்குள் எங்கோ ஒரு கல் உருண்டது.

கட... கட...

"வெளிச்சம் தெரியுது," என்றது குரல். "பதினேழா?"

நான் மூச்சை அடக்கினேன்.

"ரெண்டு பேரா இருக்கீங்க?"

டார்ச்சை அணைத்தேன். ஏன் அணைத்தேன் என்று தெரியாது.

இருட்டு.

குழலில் சத்தம் இல்லை. மூச்சு மட்டும்...

அது குழலிலிருந்து வரவில்லை.

தபால்காரம்மாவை அப்படியே தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். முட்டி பெயர்ந்தது. எங்கே இடித்தேன், எத்தனை படி ஏறினேன், ஒன்றும் தெரியாது. பின்னால் யாரும் ஓடி வரவில்லை. அதைத் திரும்பிப் பார்த்துச் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கும் வகையறா நான் இல்லை.

5:31. வெயில். மேலே வெயில் அப்படியே இருந்தது.

தபால்காரம்மாவைக் கவுண்டர் பெஞ்சில் உட்கார வைத்தேன். டிரைவர் அண்ணன் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டார். உதடு நீலமாக இருந்தது. ஒரு கிளாஸ் வெந்நீர் குடித்த பிறகுதான் கையில் சூடு வந்தது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் மகனிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்து, கொஞ்சம் அழுதேன். கொஞ்சம் என்றால், டிரைவர் அண்ணன் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு.

கவுண்டர் அம்மா வந்தார். வேறு எதையும் கேட்காமல் அந்தச் செட்டை முதலில் வாங்கிக்கொண்டார். புடவைத் தலைப்பால் புழுதியைத் துடைத்தார்.

"அதுல பேசுறது யார் மேடம்?"

"அலைவரிசை மாறும் சார். பழைய செட்டு."

"கீழே இடிஞ்சு கிடக்கே, அது எப்போ இடிஞ்சது?"

"மழைக்காலத்துல அப்பப்ப விழும்."

"மேடம், என்னை முட்டாள்னு நினைக்கிறது சரிதான். ஆனா நான் என் காதால கேட்டேன்."

அவர் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

தபால்காரம்மா மெல்லத் தலை தூக்கினார்.

"ஏம்மா, அவர் யாரைத் தேடுறார்? அதை மட்டும் சொல்லு. நான் முப்பது வருஷம் ஆள் தேடிக் கடிதாசு கொடுத்தவ. அட்ரஸ் தப்பா என்கிட்ட வந்திருக்கு. அதனாலதான் கேக்குறேன்."

கவுண்டர் அம்மா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"என்னைத்தான்," என்றார்.

"என் வீட்டுக்காரர் இங்க வழிகாட்டியா இருந்தார். நல்லா ஜோக் சொல்லுவார். எனக்கு இங்க உட்கார்ந்து உட்கார்ந்து போரடிக்கும். ஒரு நாள் யாருக்கும் தெரியாம ஒரு செட்டை எடுத்துக் காதுல மாட்டிக்கிட்டு, டிக்கெட் கிழிச்சுக்கிட்டே அவர் பேசுறதைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். ஒன்பது வருஷம் ஆச்சு. சாயங்காலம் பையை எண்ணியிருக்கார். ஒண்ணு குறையுது, பதினேழு. ஆள் எல்லாம் பஸ்ல ஏறி உட்கார்ந்தாச்சு. அவர் ஆளை எண்ணலை. யாரோ உள்ளே மாட்டிக்கிட்டாங்கன்னு மறுபடி இறங்கிட்டார். பதினேழு, பதினேழுன்னு அவர் என் காதுக்குள்ள கூப்பிட்ட பிறகுதான் செட்டைத் திருப்பிப் பார்த்தேன். நம்பரைப் பார்த்ததும் ஓடினேன். நான் படிக்குப் போறதுக்குள்ள கூரை உள்வாங்கிடுச்சு."

"உடனே போயிட்டாரா?" என்று கேட்டார் தபால்காரம்மா.

"இல்லம்மா. மண்ணுக்கு அடியில இருந்து பதினோரு நிமிஷம் பேசினார். பயப்படாதீங்க, நான் வந்துட்டிருக்கேன்னு எனக்கு தைரியம் சொல்லிக்கிட்டே இருந்தார். நான் மேல நின்னு, நான் இங்க இருக்கேன், வெளியில இருக்கேன்னு கத்தினேன். அந்தச் செட்டுல பதில் பேச முடியாது."