வரிசைக் கல்

எங்கள் சந்துக்குள் தண்டோராக்காரர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. பெரிய தெரு முனையில் எண்ணெய்க் கடை வாசலில் நின்று நாலு தட்டுத் தட்டுவார். நாளைக்குத் தண்ணீர் இத்தனை மணிக்குத்தான், அம்மை குத்துகிறவர்கள் வருகிறார்கள், மழைக்கு முன்னால் சாக்கடையில் தூர் எடுக்கிறார்கள், மாடுகளை ஓரமாகக் கட்டுங்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு அடுத்த முனைக்கு நடந்துவிடுவார். துறைமுகத்து நிலக்கரி யார்டின் இரைச்சலைத் தாண்டி அந்தச் சத்தம் எங்களிடம் வந்து சேராது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள்; ராயபுரத்துக்கு இளைத்தவர்கள் நாங்கள். ஆனால் வார்டு ஆபீஸ் கணக்கில் எங்களுக்கும் சொல்லியாயிற்று என்றுதான் இருக்கும்.

அந்தக் கோபத்தில்தான் சேதி சொல்லும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். யானைக்கவுனிப் பக்கம் ஒரு மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளப் போய்க்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால், சந்துப் பெண்களில் அச்செழுத்தைத் தடவாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேலை விட்டு வரும் வழியில் வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் படித்துவிட்டு, குழாயடியில் நின்று எல்லோருக்கும் சொல்வேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. நிலக்கரி மூட்டை இறக்கும் என் வீட்டுக்காரர், எனக்கும் ஒரு தமுக்கு வாங்கித் தருவதாகக் கேலி செய்வார்.

உலகச் சண்டை முடிந்து இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கோடையில் செங்குன்றம் ஏரி வற்றிவிட்டது என்று குழாயில் இரண்டு வேளைதான் தண்ணீர் விட்டார்கள். விடியற்காலை ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். சந்துக் கோடியில் இருந்த அந்த ஒற்றைக் குழாய்தான் எங்களுக்கு எல்லாம். பெரிய தெருவிலும் ஒரு குழாய் இருந்தது. அங்கே எங்கள் குடத்தை வைக்க விடமாட்டார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்.

சாயங்காலத் தண்ணீருக்குக் காலையிலேயே இடம் பிடித்தாக வேண்டும். எல்லோரும் கூலிக்குப் போகிறவர்கள். பகலெல்லாம் யார் வந்து நிற்பது? அதனால் ஆளுக்கு ஒரு கல் வைத்துவிட்டுப் போவோம். செங்கல், கருங்கல், ஓட்டைக் கூடை, தேங்காய் ஓடு, எது வைத்தாலும் அதற்குப் பெயர் வரிசைக் கல்தான். வாசலில் துணித் திரை போட்டு உள்ளே தையல் தைக்கும் பீபி, விளிம்பு உடைந்த ஒரு பீங்கான் கிண்ணத்தை வைப்பாள். கருவாட்டுக் கூடை சுமக்கும் கருவாட்டம்மா, அம்மிக்கல்லில் பாதி உடைந்த துண்டை வைப்பாள். கல் இருந்தால் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். ஒருத்தியின் கல்லை நகர்த்துவது அவள் தலைமுடியைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். எத்தனையோ சண்டை பார்த்த சந்து அது. கல்லை மட்டும் யாரும் தொட்டதில்லை.

பங்குனியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வார்டில் உள்ள தெருக்குழாய்களை ஓவர்சியர் நேரில் பார்வையிடுவார், உபயோகம் இல்லாத குழாய்கள் அடைக்கப்படும் என்று எழுதியிருந்தது. கிழமையும் போட்டிருந்தது. நான் வந்து அப்படியே சொன்னேன். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டுமா என்று பெண்கள் கேட்டார்கள். எதற்கு ஒரு நாள் கூலியை விடுவது, கல்லை ஒழுங்காக வைத்துவிட்டுப் போங்கள், அவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னவள் நான்தான்.

அதை இன்று எழுதும்போதும் முகம் சுடுகிறது. கல்லைப் பார்த்தால் ஆள் என்று உலகத்தில் எல்லோருக்கும் புரியும் என்று நான் நம்பினேன். சந்து முழுவதும் நம்பியது. ஓவர்சியர் வருகிறார் என்று அன்றைக்குக் கல்லையெல்லாம் கழுவிக்கூட வைத்தோம். ஒருத்தி தன் செங்கல்லுக்கு மஞ்சள் பூசி வைத்துவிட்டுப் போனாள். பீபி கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தாள்.

அவர் வந்தது பகல் பதினோரு மணிக்கு. பார்த்தவள் பீபி ஒருத்திதான், திரைக்குப் பின்னாலிருந்து. குழாயைத் திருகிப் பார்த்தாராம், தண்ணீர் இல்லை. சுற்றிப் பார்த்தாராம், ஆள் இல்லை. பூட்ஸ் முனையால் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வந்ததும் கிண்ணம் நகர்ந்ததைப் பற்றித்தான் பெரிய பேச்சாக இருந்தது. அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் ஆபீஸ் சுவரில் எங்கள் சந்தின் பெயரைப் பார்த்தேன். குழாயை ஒருவரும் உபயோகிக்கவில்லை, அந்த இடம் குப்பை கொட்டும் இடமாக இருக்கிறது, ஆகையால் வருகிற திங்கட்கிழமை அடைக்கப்படும். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சேதியைச் சொன்னதும் சந்து என் மேல் பாய்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? படித்தவள் பேச்சைக் கேட்டுக் குடிதண்ணீர் போயிற்று என்றார்கள். பச்சைக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, இனி இதற்கு உன் வீட்டு மிளகாயைக் கரைத்துக் கொடுப்பாயா என்று கேட்டாள். தப்பு என்னுடையது, நானே போய் முறையிடுகிறேன் என்று மறுநாள் ஆபீசுக்குப் போனேன்.

ஓவர்சியர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கல் எல்லாம் எங்கள் ஆட்கள்தான் என்று எனக்குத் தெரிந்தபடி விளக்கினேன். பக்கத்து மேஜைக் குமாஸ்தா சிரித்துவிட்டார்.

"தலையைத்தான் எண்ணுவோம். கல்லை எண்ணுறதுக்கு ரூல் இல்லை" என்றார் ஓவர்சியர்.

அப்படியானால் சாயங்காலம் வந்து தலையை எண்ணுங்கள் என்றேன். ஒரு குழாயை வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்வையிடுவார்களாம். அடுத்த பங்குனிவரை நாங்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டியதுதான். வெளியே வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. குற்ற உணர்ச்சி போய் அந்த இடத்தில் சுத்தமான கோபம் வந்து உட்கார்ந்தது. அவருக்கு எங்களைத் தெரியவில்லை என்றால் அது எப்படி என் தப்பு?

சந்துக்கு வந்து ஒன்றுதான் சொன்னேன். திங்கட்கிழமை ஒருத்தியும் வேலைக்குப் போகக் கூடாது, அவரவர் கல் இருந்த இடத்தில் அவரவர் நிற்க வேண்டும். முன்னே உன் பேச்சைக் கேட்டது போதாதா என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். கருவாட்டம்மா தன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"ரோட்டுக் கொயாய்ல போய் அவுங்க கால்ல வியுறத வுட, நம்ம சந்துல நின்னு சாவலாம். நான் நிக்கிறேன்" என்றாள்.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து நின்றோம். பீபியும் திரையை விலக்கிக்கொண்டு முக்காட்டோடு வந்து தன் கிண்ணம் இருக்கும் இடத்தில் நின்றாள். வெயில் ஏறியது. நிலக்கரித் தூள் வியர்வையோடு வழிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வராத குழாயின் முன்னால் அத்தனை பேரும் வரிசை கலையாமல் நின்றோம். பத்து மணிக்கு மேல் ஓவர்சியர் வந்தார். கூடவே ஸ்பானரும் கையுமாக ஒரு குழாய் பிட்டர்.

நகரச் சொன்னார். நகரவில்லை. போலீசைக் கூப்பிடுவேன் என்றார். அதற்கும் நகரவில்லை. சர்க்கார் வேலையைத் தடுத்ததற்குக் கேஸ் போடப்போகிறேன், ஒவ்வொருத்தியும் பெயரையும் புருஷன் பெயரையும் சொல்லுங்கள் என்று நோட்டை விரித்தார். அவர் விவரமானவர்தான். புருஷன் பெயரைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு கலைந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். எங்களில் யாரும் அந்தப் பெயரை உச்சரித்தவர்கள் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவள்தான் சொல்வாள். அன்றைக்கும் ஒருத்தி எனக்காகச் சொல்ல வாயெடுத்தாள். அவரவர் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று ஓவர்சியர் அவளை அடக்கினார்.

வரிசையில் முதலில் நின்றது நான். என் பெயரைச் சொன்னேன். பிறகு என் வீட்டுக்காரர் பெயரை, கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, வாயைத் திறந்து சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. சரியாகக் கேட்கவில்லை என்றார். சந்துக் கோடி வரை கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.

அதற்குப் பின் ஒருத்தியும் தயங்கவில்லை. பீபி முக்காட்டுக்குள்ளிருந்து நிதானமாகச் சொன்னாள். மஞ்சள் பூசிய செங்கல்காரி வெட்கத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். கருவாட்டம்மாவின் முறை வந்தது. அவள் புருஷன் படகோடு போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

"உசுரோட இருக்கசொல்ல ஒரு தபா கூட சொன்னதில்ல. எய்திக்கோ நைனா" என்று அந்தப் பெயரைச் சொன்னாள். கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. பிட்டர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

கடைசிப் பெயரையும் எழுதி முடித்து ஓவர்சியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"இத்தினி பேர் இந்தக் கொயாயாண்ட நின்னுக்கினு இருந்தோம்னு உன் கையால நீயே எய்திக்கீற சார். இப்போ கொயாய யாரும் தொடலன்னு எப்டி எய்துவ?"

அவர் நோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிட்டர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக, தலை கணக்கு சரியாத்தான் கீது சார் என்றார். ஓவர்சியர் அவரை முறைத்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டு போனார். குழாயில் அன்றைக்கு ஒருவரும் கை வைக்கவில்லை.

ராத்திரி என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைக்குமுன் என்னைப் பார்த்தார். துறைமுக கேட்டிலேயே அவருக்குச் சேதி போயிருந்தது.

"இன்னாமே, சொல்றதுக்கு என் பேரு நல்லாகீதா?" என்றார்.

சுமாராக இருக்கிறது, பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

கேஸ் எதுவும் வரவில்லை. பத்து நாள் கழித்துப் புது நோட்டீஸ் ஒட்டியிருப்பதாகத் தெரிந்ததும், இந்தத் தடவை நான் மட்டும் போய்ப் படித்து வருவது வேண்டாம் என்று எல்லோரும் கூடவே கிளம்பிவிட்டார்கள். வார்டு ஆபீஸ் வாசலே அடைத்துப்போனது. நான் சத்தமாகப் படித்தேன். மேற்படி சந்துக் குழாயை ஓவர்சியர் மறுபடி நேரில் பார்வையிட்டு, உபயோகத்தில் இருப்பதைத் தம் முயற்சியால் கண்டறிந்தபடியால், குழாய் தொடர்ந்து இயங்கும். அவ்வளவுதான் இருந்தது.

பெண்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கருவாட்டம்மா மட்டும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம பேரு எதுனா போட்டுக்கீதா அதுல?"

இல்லை என்றேன்.

"அப்போ நீ போட்டுப் படி."

நான் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மேற்படி சந்துக் குழாயை உபயோகிக்கிறவர்கள் என்று சொல்லி, அந்தத் திங்கட்கிழமை வரிசையில் நின்ற முறைப்படியே ஒவ்வொருத்தி பெயராக, அவள் புருஷன் பெயரோடு சேர்த்து வாசித்தேன். ஜன்னலுக்கு உள்ளே ஓவர்சியர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்தவில்லை.