கைக்கு முதலில் சிக்கும் குஞ்சு

காலை ஏழேகாலுக்குச் செய்தி வந்தது. ஞானபாக்கியம் மைக்ராஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் மாரடைப்பில் அம்புரோஸ் போய்விட்டார் என்று அவர் மருமகன் வாசலில் நின்றபடியே சொன்னான். அவள் துணியை மடித்து வைத்தாள். குஞ்சுகள் கத்தின, எழுந்து போய்த் தீனி போட்டாள்.

அம்புரோஸ் அந்தச் சோதனைச் சாலையில் கோழிகளைப் பார்த்துக்கொண்டவர். அதற்கு முன், முத்துக்குளிப்பு நடத்தலாமா என்று முடிவு செய்வதற்காகக் கடலடியிலிருந்து மாதிரிச் சிப்பி எடுத்துவரும் படகில் இருந்தவர்.

ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததும் அங்கிருந்து மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்து வருவது நின்றுபோயிற்று. ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க டாக்டர் ராஜதுரையிடம் மருந்தில்லை. மூலிகைகளைச் சோதிக்க இறங்கினார். கோழிகளுக்கென்றே ஒரு மலேரியா உண்டு. அது தொற்றிய பன்னிரண்டு குஞ்சுகளில் ஆறுக்குக் கஷாயம், ஆறுக்கு வெறும் தண்ணீர். பிறகு ரத்தத்தில் இருக்கும் கிருமிகளை ஞானபாக்கியம் எண்ணுவாள்.

முதலில் நிலவேம்பு. தண்ணீர் குடித்தவற்றில் நான்கு செத்தன. கஷாயம் குடித்த ஆறும் துள்ளின. உப்பளம் முழுவதற்கும் காய்ச்ச அண்டா வந்து இறங்கியது. டாக்டர் சென்னைக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

"அனுப்பாதிய டாக்டர்," என்றார் அம்புரோஸ்.

"ஏன், கோழி வந்து உம்மகிட்ட சொல்லிச்சோ?"

"என் கைதான் சொல்லுது. தண்ணிக்கு ஆறு கேட்டிய, மொதல்ல பிடிச்சுத் தந்தேன். மொதல்ல சிக்குறது சோந்து கெடக்குற குஞ்சுல்லா? ஓட்டங்காட்டுனதெல்லாம் கஷாயத்துக்குப் போயிட்டு."

டாக்டரின் பேனா நின்றது.

"சிப்பியிலயும் இதே கததான். முங்குறவன் கை பெருசாப் பாத்துத்தான் அள்ளும். அத நம்பிச் சிப்பிய ஏலம் எடுத்தவன் கடலப் பாத்துட்டு ஒக்கார வேண்டியதுதான். அதான் கண்ண மூடிட்டு அள்ளச் சொல்லுவோம்."

"கண்ணக் கட்டிட்டுக் குஞ்சு பிடிப்பியளோ, மாமா?" என்றாள் ஞானபாக்கியம்.

"சிரி ஏளா, சிரி. நான் பையில சிப்பி போட்டு எடுக்கப் போறேன்."

ஆறு வெள்ளைச் சிப்பி, கரி பூசிய ஆறு சிப்பி. ஒரு குஞ்சைப் பிடித்ததும் பைக்குள் பார்க்காமல் கைவிட வேண்டும். வெள்ளை வந்தால் கஷாயம், கறுப்பு வந்தால் தண்ணீர். காலில் அந்த நிறத்தில் ஒரு நூல். இந்த முறை இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகச் செத்தன. டாக்டர் அறிக்கையைக் கிழித்தார். அண்டா திரும்பிப் போனது.

அதன்பின் ஒன்றரை வருடத்தில் பதினாறு மூலிகைகள் தோற்றன. அம்புரோஸ் முகம் வாடவில்லை. "இது இல்லன்னு தெரிஞ்சா, அந்த எடத்துல மறுபடி முங்க வேண்டாம்லா?" என்பார். அடுத்தது செம்மணல் தேரிக்காட்டு வேலிகளில் படரும் கழற்சிக் கொடி. நேற்று மாலை குஞ்சுகளைப் பிடிக்கத் தொடங்கினார். வெளிச்சம் போய்விட்டது. "காலையில வாரேன். பைக்குள்ள யாரும் எட்டிப் பாக்காதிய," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது தீனி கொத்த வந்த பன்னிரண்டில் பத்துக் குஞ்சுகளின் காலில் நூல் இருந்தது. இரண்டு வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தன. ஆணியில் தொங்கிய பையில் இன்னும் இரண்டு சிப்பிகள் எடுக்கப்படாமல் இருந்தன.