ஆறாம் நம்பர் மாப்பிள்ளை

ஆவணியில் எனக்குக் கல்யாணம். அதற்கு முதல் பாலியல் நோய்ப் பரிசோதனை ஒன்று செய்துவிட நினைத்தேன்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் சின்னம்மா தாதி. அடுத்த ஊரில் மச்சாளின் புருஷன் மருந்து கொடுக்கிறார். அதனால் பெரியகல்லாற்றிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கே பஸ் ஏறினேன். வீட்டில், சாரிச் சட்டை தைக்கக் கொடுக்கப் போவதாகச் சொன்னேன்.

கிளினிக்கில் பெயர் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். நான் ஏழு. ஆறாம் நம்பர் எழும்பித் திரும்பினார். எனக்குப் பேசியிருக்கும் மண்டூர் மாப்பிள்ளை.

"நீங்களா?" என்றேன்.

"வயலுக்கு உரம் வாங்கப் போறன் எண்டு வீட்டில சொல்லிட்டு வந்தன்," என்றார்.

"நான் சட்டை தைக்க."

ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவரை எனக்குப் பிடிக்கத் தொடங்கியது அங்கேதான்.

இருவரிடமும் இரத்தம் எடுத்தார்கள். திரும்பும்போது ஒரே சீட்டில் வந்தோம். தேற்றாத்தீவில் என் மாமி பஸ் ஏறினார்.

"என்ன புள்ள, கலியாணத்துக்கு முதலே ரெண்டு பேரும் சோடியா ஊர் சுத்துறீங்களா?"

"ஓம் மாமி," என்றோம், இருவரும் ஒரே நேரத்தில். அதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

நான் வீட்டுக்கு வருமுன் கதை வந்துவிட்டது. அம்மா அரை மணித்தியாலம் ஏசினார். சட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ரிப்போர்ட் அடுத்த கிழமை. தனித்தனியாகப் போய் எடுப்பதா, சேர்ந்து போய் இன்னொரு ஏச்சு வாங்குவதா?

அம்மாவும் மாமியும் பேஸ்புக்கில் இல்லை. துணிந்து சொல்லுங்கள்.