இரண்டாவது கதவு

ஐம்பத்தாறு வயதில் சாந்தினா ருன்ஃபோலாவுக்குக் கல்லூரி ஆசை வந்ததை அவள் கணவன் காஸ்பர் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். பாதி ஆயுளைப் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் நின்று பிள்ளைகளுக்குப் பரிமாறியே கழித்தவள், சனிக்கிழமை தவறாமல் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அவள் எடுத்திருந்த பாடம், இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்கள் எழுதிய கதைகள்.

“நம்ம கதையை நாமே பணம் கட்டிப் படிக்கணுமாக்கும்! என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே” என்பான் காஸ்பர். பஃபலோ நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். நெஞ்சைத் திறந்து ஒருமுறை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு உடம்புக்குத்தான் ஓய்வு, வாய்க்கு இல்லை.

“நீ சொல்ற கதையில உங்க தாத்தா எப்பவும் ராஜா. புத்தகத்துல வேற மாதிரி இருக்கு” என்பாள் சாந்தினா.

வகுப்பில் பெரும்பாலும் இளவட்டங்கள். குடும்பப் பெயரில் மட்டும் இத்தாலி ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள். கைல் இன்சலாகோ என்ற பையனின் அம்மா போலந்துக்காரி. அவனுக்கு இத்தாலிய மொழியில் தெரிந்ததெல்லாம் தின்பண்டங்களின் பெயர்தான். ஆசிரியை அடேல் ஃபிராஞ்சோனே ஒவ்வொரு கதை முடிந்ததும், “இதைப் படிச்சப்போ உங்களுக்குள்ள என்ன நடந்துச்சு?” என்று கேட்பாள். பிள்ளைகள் சளைக்காமல் பதில் சொல்வார்கள். என்ன மனஉறுதி, என்ன தியாகம், இப்படிப்பட்டவர்களின் வாரிசு என்பதில் எவ்வளவு பெருமை என்றெல்லாம். சாந்தினா வாயைத் திறக்க மாட்டாள். வீட்டு விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவள்.

ஆனால் ஒரு கதை அவளை உடைத்துவிட்டது. கால்வாய்க் கரையில், பனி கொட்டும் நாளில், கைக்குழந்தையோடு ஒரு சிசிலிக்காரி வாடகைக்கு அறை கேட்டு வீடு வீடாகப் போகிறாள். அவள் தலையில் கட்டியிருக்கும் துணியைப் பார்த்ததுமே கதவுகள் மூடிக்கொள்கின்றன. கதையில் அவ்வளவுதான் நடக்கிறது. சாந்தினா வகுப்பிலேயே விசும்பி அழுதுவிட்டாள். பிறகு தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தை ஒரு காய்கறிக் கடையின் நிலவறையில், அழுகிய முட்டைக்கோசு நாற்றத்தில் கழித்த மனிதர். கையில் பணம் இருந்தும் யாரும் இடம் கொடுக்கவில்லை. “நான் ஒரு வருஷம் பேசினாலும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது” என்றாள் ஆசிரியை. அன்றைக்குச் சாந்தினாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்கு வந்தால் காஸ்பர் சமையலறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாடியில் குடியிருக்கும் மரிசேலாதான் காரணம். ஹோண்டுராஸிலிருந்து வந்த பெண், தனியாள், ஒரு உணவு விடுதியில் பாத்திரம் கழுவுகிறாள். இலையுதிர்காலத்தில் குடிவந்தாள். பனி விழத் தொடங்கிய நாளிலிருந்து கேட்காமலே வாசல் பனியை வாரித் தள்ளிவிடுவாள், காஸ்பரின் நெஞ்சுக்கு அந்த வேலை ஆகாது என்று. அவள் வேலை செய்கிற விடுதிக்குள் குடியேற்ற அதிகாரிகள் புகுந்து இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அன்று அவளுக்கு விடுமுறை. தப்பித்தாள்.

“சூசையப்பர் விருந்துக்குள்ள அவ போயாகணும்” என்றான் காஸ்பர். “பங்குச் சாமியார் வர்றார். உன் காலேஜ் கூட்டம் வேற வருது. அந்த நேரம் பார்த்து வாசல்ல அவனுங்க வண்டி வந்து நின்னா வீட்டு மானம் என்ன ஆகும்?”

“அவ யார் வீட்டுலயாவது திருடினாளா?”

“முறையா வரலையே. நம்ம ஆளுங்க எல்லாம் முறையா வந்தாங்க.”

“உங்க தாத்தா கனடாவுலேர்ந்து மீன் பெட்டிக்கு நடுவுல படுத்துக்கிட்டு ஆத்தைத் தாண்டி வந்தாரே, அது எந்த முறையாம்?”

காஸ்பரின் காது மடல் சிவந்தது. “அது வேற. அதைக் கொண்டுபோய் உன் கிளாஸ்ல சொல்லித் தொலைச்சிடாதே.” பிறகு குரல் இறங்கியது. “பெல் அடிச்சாலே தூக்கிவாரிப் போடுது சாந்தினா. நெஞ்சு தாங்காது எனக்கு. நீயே அவகிட்டச் சொல்லிடு. பொம்பளைக்குப் பொம்பளை பக்குவமா சொல்லிக்கலாம்.”

அவன் நடிக்கவில்லை. அந்த நெஞ்சு பிழைக்க வேண்டும் என்றுதான் சாந்தினா சூசையப்பருக்கு விருந்து நேர்ந்துகொண்டிருந்தாள். வருஷா வருஷம் அந்த நேர்த்திக்கடனைத் தீர்க்கிறாள். அவனிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மரிசேலாவிடம் போய்ச் சொல்லக் காலும் வரவில்லை. இரண்டும் கெட்டானாகச் சும்மா இருந்தாள். மாடிப்படியில் மரிசேலாவின் காலடி கேட்டால் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டாள். நல்லவள் என்று பெயரெடுத்தவர்கள் செய்கிற கோழைத்தனம் இப்படித்தான் இருக்கும்.

இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் பெயரில் வைக்கிற இந்த விருந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று பேர் சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு வேஷத்தில் வந்து மூன்று கதவுகளைத் தட்டுவார்கள். பசிக்கிறது, தங்க இடம் வேண்டும் என்று கேட்பார்கள். முதல் இரண்டு கதவுக்குப் பின்னாலிருந்து, இடமில்லை போ என்று விரட்ட வேண்டும். மூன்றாவது கதவைத் திறந்து வரவேற்க வேண்டியவள், விருந்தை நேர்ந்துகொண்டவள். சாந்தினாவின் வீட்டில் முதல் கதவு நிலவறைக் கதவு. இரண்டாவது, வெளிப்படி ஏறிப் போகிற மாடிக் கதவு. போன வருஷம் வரைக்கும் மாடியில் இருந்த லூச்சி குஜீனோ அந்த வேலையை ஆசை ஆசையாகச் செய்வாள். “போங்கடா பிச்சைக்காரப் பசங்களா, நாயை அவுத்து விட்டுடுவேன்!” என்று அவள் போடுகிற கூச்சலில் மாதாவே சிரித்துவிடுவாள். லூச்சி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த வருஷம் மரிசேலாவிடம் சொல்லி வைக்க வேண்டும், இப்படித் தட்டுவார்கள், நீ இப்படி விரட்ட வேண்டும் என்று. அதைச் சொல்லப் போனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும். அதனால் சாந்தினா போகவே இல்லை. அப்புறம் கூனைப்பூ என்கிற முட்செடியின் தண்டை மாவில் தோய்த்துப் பொரிக்கிற வேலையிலும், மத்தி மீன் குழம்பு வைக்கிற வேலையிலும் அது அவளுக்கு மறந்தே போயிற்று.

வேஷம் கட்ட வேண்டிய தங்கை மகளின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். “என் மாணவர்கள் செய்யட்டுமே” என்றாள் ஆசிரியை. கைல் கையில் துடைப்பக் கட்டையோடு சூசையப்பரானான். நோயல் ஷாந்திரா என்ற பெண் நீலப் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு மாதாவானாள். வகுப்பிலேயே குள்ளமானவன் குழந்தை இயேசு. அவனுக்கு முகம் நிறையத் தாடி. பங்குச் சாமியார் அவனைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நிலவறைக் கதவைத் தட்டினார்கள்.

“யாருடா அது?” உள்ளேயிருந்து காஸ்பர்.

“பசிக்குது. தங்க இடம் வேணும்.”

“இடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேற வீடு பாருங்க!” பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவர்களை இறக்கிவிட்ட குரல். எல்லோரும் கை தட்டினார்கள்.

மூவரும் வெளிப்படி ஏறினார்கள். மேலே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. கரண்டியும் கையுமாக நின்ற சாந்தினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மரிசேலாவிடம் அவள் எதையும் சொல்லி வைக்கவில்லை.

கதவு திறந்தது. “ஐயோ, இந்தக் குளிர்லயா நிக்கிறீங்க? உள்ள வாங்க, உள்ள வாங்க” என்றது மரிசேலாவின் குரல். கதவு மூடிக்கொண்டது.

கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் இறங்கி வரவில்லை. “சூசையப்பருக்கு இந்த வருஷம் ரெண்டாவது வீட்டுலயே இடம் கிடைச்சிடுச்சு போல!” என்றார் சாமியார். கூட்டம் சிரித்தது. காஸ்பர் சிரிக்கவில்லை. “போய் அவங்களை இழுத்துக்கிட்டு வா” என்று பல்லைக் கடித்தான்.

சாந்தினா மூச்சு வாங்க மாடி ஏறினாள். மூன்று பேரும் சப்பணம் கொட்டித் தரையில் உட்கார்ந்து, சோள ரொட்டியில் அவரை விழுதைத் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் இல்லை. சுவரோரம் இரண்டு பைகள் கட்டித் தயாராக இருந்தன. மெத்தை சுருட்டப்பட்டிருந்தது.

“பசிக்குதுன்னாங்க, டோன்யா சாந்தினா” என்றாள் மரிசேலா, பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடும் தன் ஊர் வழக்கப்படி. “மாவு கொஞ்சந்தான் மிச்சம் இருந்துச்சு. ஆளுக்கு ஒண்ணுதான் வந்துச்சு.”

“விரட்டுவாங்கன்னு சொன்னீங்களே!” என்றான் கைல், வாய் நிறைய ரொட்டியோடு. “இது இன்னும் நல்லா இருக்கு.”

சாந்தினா அவர்களைக் கீழே அனுப்பினாள். பிறகு பைகளைப் பார்த்தாள். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“டொன் காஸ்பர் நேத்தே வந்து சொல்லிட்டார்” என்றாள் மரிசேலா. “நீங்கதான் சொல்லச் சொன்னீங்கன்னார். எனக்குக் கோபம் இல்ல. உங்களுக்கும் பயம் இருக்கும்ல. மத்தியானம் ஒரு தோழி வண்டி கொண்டு வர்றா.”

நான் சொல்லச் சொல்லவில்லை என்பது சாந்தினாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. போகாதே என்பதும் வந்தது. கீழேயிருந்து காஸ்பர் கத்தினான். “சாந்தினா! மூணாவது கதவுக்கு யாரு நிக்கிறது? எல்லாரும் பனியில விறைச்சுப் போறாங்க!”

“கீழ வா. சாப்பிட்டுட்டுப் போ” என்றாள் சாந்தினா. சாப்பிடச் சொன்னாளே தவிர இருக்கச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இறங்கிப் போய் முன்கதவுக்குப் பின்னால் நின்றாள். தட்டினார்கள். திறந்தாள். “வாங்க. இது உங்க வீடு. உங்களுக்காகத்தான் எல்லாம் சமைச்சு வெச்சிருக்கு” என்று வழக்கமான வார்த்தைகளைச் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. பக்தி என்று நினைத்து இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சூசையப்பர் வாழ்க என்று கூட்டம் முழங்கியது.

காத்திருந்ததில் பாஸ்டா குழைந்து போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பந்தி நடுவே சாந்தினா ஒரு தட்டில் எல்லாவற்றையும் வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மாடிக்கு எடுத்துப் போனாள். அறை காலியாக இருந்தது. சாவி ஜன்னல் விளிம்பில் இருந்தது. வாணலியைக்கூடக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். சாந்தினா தட்டோடு கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வந்தது, தன்மேல் வந்த ஆத்திரத்தில். பிறகு விருந்தாளிகளுக்குக் காப்பி கேட்டுக் காஸ்பர் கூப்பிட்டதால் இறங்கிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமைதான் கடைசி வகுப்பு. இத்தனை நாள் படித்ததும், அந்த விருந்தும் தங்களுக்குள் என்ன செய்தன என்று ஒவ்வொருவரும் எழுந்து பேச வேண்டும். நோயல், தன் கொள்ளுப்பாட்டன் பெயரைப் பழைய கப்பல் பயணிகளின் பதிவேடுகளில் தேடப் போவதாகச் சொன்னாள். தாடி வைத்த பையன், இனிமேல் சாப்பாட்டை வீணாக்க மாட்டேன் என்றான். கைல் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“மிஸஸ் ருன்ஃபோலா வீட்டுல நான் கத்துக்கிட்டதைப் புத்தகத்துல கத்துக்கல” என்றான். “வழக்கப்படி ரெண்டு கதவு நம்மை விரட்டணும். அவங்க வீட்டுல ரெண்டாவது கதவே திறந்துடுச்சு. மாடியில இருக்கிறவங்க எங்கேயோ ஊருக்குக் கிளம்புற அவசரத்துல, பையெல்லாம் கட்டி வெச்சிருந்தாங்க. அப்படியும் எங்களை உட்கார வெச்சு இருந்ததைக் கொடுத்தாங்க. அந்தக் காலத்துல நம்ம ஆளுங்களுக்கு யாரும் இடம் கொடுக்கல. ஆனா பட்ட அவமானத்தை மறக்காம, இன்னொருத்தருக்கு அதைச் செய்யாத ஒரு குடும்பத்தை நான் கண்ணால பார்த்தேன். இத்தாலியன்னு சொல்லிக்கிறதுல முதல் தடவையா எனக்குப் பெருமையா இருக்கு.”

வகுப்பே கை தட்டியது. ஆசிரியை சாந்தினாவைப் பார்த்துக் கண் கலங்கச் சிரித்தாள். “நீங்கதான் கடைசி, சாந்தினா” என்றாள்.

சாந்தினா எழுந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்திருக்கலாம். உட்காரச் சொல்லித்தான் உடம்பு கெஞ்சியது.

“அவ எந்த ஊருக்கும் கிளம்பல, கைல்” என்றாள். “வீட்டுல அதிகாரிங்க வந்துடுவாங்கன்னு பயந்து நாங்க அவளைக் காலி பண்ணச் சொல்லிட்டோம். உங்களுக்குக் கொடுத்தாளே, அது அவகிட்ட இருந்த கடைசி மாவு. உங்களை விரட்டணும்னு அவகிட்ட யாரும் சொல்லல. அதான் திறந்துட்டா.”

கைலின் முகத்திலிருந்து நிறம் வடிந்தது. அவனேதான் கேட்டான்.

“இப்ப அவங்க எங்க இருக்காங்க?”

“தெரியாது.”

“போகும்போது சொல்லலையா?”

“நான் கேக்கல” என்றாள் சாந்தினா. “கேட்டிருந்தா, போகாதேன்னு சொல்ல வேண்டியிருந்திருக்கும்.”